வேப்பமரத்துக் காக்காவும் மீல்மேக்கர் வறுவலும்

...அதாங்க பாய், நான் கேக்கறது ஒரே ஒரு கேள்வி. முன்னால தெருவோரம் அம்மாம் பெரிய குப்பத்தொட்டி இருக்குது. எலும்பு, ரொட்டி எல்லாத்தியும் அதுல போடக்கூடாதா? இந்தச் செவுத்து மேலதான் வரிசையா வெக்கணுமா? கோவிச்சிக்காதீங்க. ஹெல்மெட் போட்டுக்கினு நிக்கிறானே, சண்டைக்கு வந்துட்டானான்னு பாக்காதீங்க. இத்தக் கழட்டுனா மண்டையப் பொளந்துடுவானுங்க. தோ, வேப்பமரத்துல, காக்கா ரெண்டு பேரும் என்னியேதான் பாத்துக்கினு இருக்கானுங்க.

தெரியும், தெரியும். ஜும்மா தொழுதுட்டு இப்பத்தான் உள்ள வர்றீங்க. பசியா இருக்கும். பிரியாணி வாசன இங்க வரைக்கும் வருது. ரெண்டே நிமிசம் பாய். எங்க வூட்ல மட்டும் இன்னா, பதினோரு பேரு காலையிலேர்ந்து வெறும் வயித்தோட குந்திக்கினு இருக்காங்க. இன்னிக்கு எங்கப்பாவுக்குத் தலத்தெவசம். போன வைகாசியில பூட்டாரு. நீங்க வந்தே ரெண்டு மாசந்தான ஆவுது, பாத்திருக்கமாட்டீங்க. ஆதிமூலம்னு பேரு. வெள்ளிமலைக்கு ஜீப் ஓட்டுனவரு. எங்க வழக்கத்துல படைச்ச சோத்த மொதல்ல காக்கா வந்து தொடணும். செத்தவங்களே காக்காவா வந்து சாப்புடறதா ஐதீகம். அது தொட்டாத்தான் நாங்க எலையில குந்தலாம். இப்ப மணி இன்னா? ரெண்டாவப் போவுது. பதினோரு மணிலேர்ந்து 'கா, கா'ன்னு கத்திக் கத்தி எங்க மாமாவுக்குத் தொண்ட கட்டிப் போச்சி.

நம்ம ஊர்ல காக்காவுக்கா பஞ்சம்? ஆறு வருசமா தெனமும் மொதல் சோறு நான்தான் வெக்கிறன். சபையில சேந்ததுலேர்ந்து ஒரு நாள் தவறுனதில்ல. அதான் பாய், சைவ நெறிச் சபை. உயிருக்கு எரக்கம் காட்டறது, கறி மீனு தொடாம இருக்கறது... நான்தான் துணைச் செயலாளரு. செயலாளரு காசிநாதன் எதிர்வூடு. மாடியில துண்டு ஒணத்திக்கினு நிப்பாரே, அவருதான். நான் வெச்ச பருப்புஞ்சோத்த மரியாதையாத் தின்னுக்கினு இருந்த காக்காதான் இது. நீங்க வந்த அன்னிக்கு உங்க வூட்டம்மா இந்தச் செவுத்துல ஒரு நல்லி எலும்பு வெச்சாங்க பாருங்க, அன்னியோட எங்க வூட்டுச் சோறு அதுக்குக் கசந்துபோச்சி. மறு வாரமே மரத்துல கூடு. எங்க மரம், உங்க எலும்பு. எப்டி இருக்குது நாயம்?

அந்த ஆம்பளக் காக்காவ நான் ஒண்ணரை மாசமாப் பாக்கறன். யூனியன் ஆபீஸ்ல முப்பத்தாறு வருசம் குப்ப கொட்டிட்டு ரிட்டையர் ஆன மனுசனுக்கு வேற இன்னா வேல... சமையக்கட்டு சன்னலாண்ட நாற்காலியப் போட்டுக்கினு குந்திப்பன். பொட்டை அடையில குந்திச்சின்னா எழுந்திரிக்காது. இவன்தான் தேடிக்கினு வந்து வாயில வெப்பான். எங்க வூட்டுக்காரி ராஜாம்பாளு இருக்காளே, அத்தக் காட்டிக் காட்டி என்னிய ஏசுவா. "பாத்தீங்களா, ஏழு மணிக்கெல்லாம் பொண்டாட்டிக்கு டிபன் குடுத்துட்டுச்சி. நீங்க டம்ளரக் கூட எடுத்து வெக்கமாட்டீங்க"ன்னுவா. குடும்பத்துல குழப்பம் பண்றதுக்கே வந்த காக்கா.

உங்க வூட்டுக் காஞ்ச ரொட்டிய எடுத்தா அப்டியே குஞ்சிக்குக் குடுக்கறதில்ல. நேரா எங்க துணி தொவைக்கிற தொட்டிக்கு வரும். ரொட்டியத் தண்ணியில முக்கும், வெளிய எடுத்துப் பாக்கும், மறுபடியும் முக்கும். மெத்துனு ஆனப்புறந்தான் மேல எடுத்துக்கினு போவும். குஞ்சி வாயத் தொறந்தா உள்ள செக்கச்செவேல்னு இருக்கும், பாத்துருக்கீங்களா? நாலு வாயி. அதுல ஒண்ணு குயிலுக் குஞ்சி. ஆமாம் பாய். பொட்டக் குயிலு பூந்து முட்ட போட்டுட்டுப் போனத நான் என் கண்ணால பாத்தன். கூடு கட்டறதில்ல, அடை காக்கறதில்ல, கொளத்தங்கரையில குந்திக்கினு பாட்டு மட்டும் பாடும். எங்க ஆபீஸ்லயும் அப்டி ரெண்டு பேரு இருந்தானுங்க. ஃபைல எம் மேசையில வெச்சிட்டு டீ குடிக்கப் பூடுவானுங்க. நானும் அந்தக் காக்கா மாதிரி கையெழுத்துப் போட்டுக்கினே... சரி, அது வேற கத. தொட்டிய சொல்லிக்கினு இருந்தன். போன செவ்வாக்கெழம என் வெள்ள வேட்டிய ஊற வெச்சிருந்தன். சபைக்குக் கட்டிக்கினு போற வேட்டி. கைய வுட்டு எடுத்தா, ஆட்டுத் தாடை எலும்பு. பல்லோட.

அதுக்குன்னு நான் சும்மா இருப்பனா? இல்ல, அதுக்கு முன்னாடியே ஒண்ணு நடந்துச்சி. நீங்க கேக்கறதுக்குள்ள நானே சொல்லிடறன். கூட்டுல டிவி கேபிளு ஒயரு ஒரு மொழம் சொருவி வெச்சிருந்துச்சி. துரட்டிய எடுத்து லேசா... லேசாத்தான் பாய் இழுத்தன். ஒரு முட்ட கீழ வுழுந்து ஒடஞ்சிபோச்சி. உயிர்க்கொலை கூடாதுன்னு மேடையில பேசற மனுசன் நீங்கன்னு ராஜாம்பாளு ரெண்டு நாளு எங்கூடப் பேசல. வேணும்னா செஞ்சன்? கை தவறிப்போச்சி. ஆனா காக்கா அத்தக் கேக்குமா? அன்னிலேர்ந்து நான் கொல்லப்பக்கம் தல காட்டுனா நடு மண்டையில ஒரே போடு. ராஜாம்பாளு போனா ஒண்ணும் பண்ணாது. கேஸ் சிலிண்டர்காரன் போனா ஒண்ணும் பண்ணாது. எனக்கு மட்டுந்தான். லுங்கி கட்டிப் பாத்தன், பேண்ட் போட்டுப் பாத்தன், ராஜாம்பாளு பொடவைய முக்காடு போட்டுக்கினு கூடப் போய்ப் பாத்தன். சிரிக்காதீங்க. கண்டுபுடிச்சிடுது.

அதனாலதான் இன்னிக்குப் படையலு வெக்கவும் ஹெல்மெட்டோட போனன். எங்கக்கா செவ்வந்தி, எலவனாசூர்கோட்டையிலேர்ந்து வந்திருக்குது. பாத்துட்டுத் தலையில அடிச்சிக்கிச்சி. "அப்பாவுக்குச் சோறு வெக்கப் போறியா, பைக்ல ஊருக்குப் போறியா"ன்னு. அதோட வுட்டுச்சா? எலையப் பாத்துட்டு ஒரே சத்தம். எங்க ஜனத்துல செத்தவருக்கு எது புடிக்குமோ அத்தத்தான் படைப்பாங்க பாய். கறி, கருவாடு, முட்ட, சுருட்டுக் குடிச்சவருக்குச் சுருட்டு. எங்கப்பாவுக்குக் கறின்னா உயிரு. மலையேறுனா அங்க ஒரு சாப்பாடு, எறங்குனா இங்க ஒரு சாப்பாடு. ஆனா இது சைவ வூடாச்சே. நான் ரெண்டுக்கும் பொதுவா ஒரு வழி கண்டுபுடிச்சன். மீல்மேக்கரு, அதான் பாய், சோயா உருண்ட. மட்டன் மசாலாப் போட்டு, கருவேப்பில தாளிச்சி, கறி வறுவல் மாதிரியே பண்ணி எல நடுவுல வெச்சன். அசல் கறியே தோத்துடும்.

காக்கா வர்லன்னு சொன்னன் இல்ல? அது பொய்யி. ஒரு தடவ வந்துச்சி. பன்னண்டரைக்கு அந்த ஆம்பளதான் எறங்கி வந்துச்சி. எல்லாரும் மூச்சி வுடாம நிக்கிறோம். வடையப் பாக்கல, பாயசத்தப் பாக்கல. நேரா ஒரு மீல்மேக்கரத் தூக்குச்சி. அலகுல ஒரு பொரட்டு பொரட்டுச்சி. என்னிய ஒரு பார்வ பாத்துச்சி. அப்பால அத்த எலைக்கு வெளியில வெச்சிட்டு, பறந்து வந்து உங்க செவுத்துல எறங்கி, உங்க வூட்டுக் கறித்துண்டத் தூக்கிக்கினு போய் குஞ்சிக்கு ஊட்டுச்சி. பதினோரு பேரு பாத்தாங்க.

எங்கக்கா அங்கியே குந்தி அழுதுச்சி. "அப்பா உன் கையால சாப்புடமாட்டாருடா. உம்மேல இன்னாவோ கோவம் அவருக்கு. இன்னா பண்ண நீ?"ன்னு கேட்டுச்சி. நான் இன்னா சொன்னன் தெரியுமா? "பக்கத்து வூட்டு பாயி எலும்பப் போட்டுக் காக்காவக் கெடுத்துட்டாரு, போய்க் கேட்டுட்டு வர்றன்"னு சொல்லிட்டு இங்க வந்தன். அதான் நான் வந்த வேல. கேட்டுட்டன்.

இன்னா பாய், அப்டிப் பாக்கறீங்க? நீங்க அப்டிப் பாத்தா எனக்குப் பேச்சு வேற எங்கியோ போவுது.

கடைசி எட்டு மாசம் எங்கப்பா படுத்த படுக்க. எதையும் கேக்கமாட்டாரு. ஒரு நாளு என் கையப் புடிச்சிக்கினு, "சிகாமணி, ஒரு துண்டு கறி குடுறா"ன்னாரு. டாக்டரு வேணாம்னு சொன்னாரான்னு கேக்கறீங்க. இல்ல. எம்பத்திரண்டு வயசாவுது, கேக்கறதக் குடுங்கன்னுதான் சொன்னாரு. நான்தான்... கறிக்கொழம்பு வாசன தெருவுக்குப் போனா காசிநாதன் இன்னா நெனைப்பாரு? அந்த மாசந்தான் சபையில எனக்குச் சால்வ போத்தறதா இருந்தாங்க. ஒரு சால்வைக்கு பாய்.

மீல்மேக்கர வாங்கியாந்து, இதே மாதிரி மசாலாப் போட்டு, கறின்னு சொல்லி நானே ஊட்டுனன். அவருக்கு ஒரு பல்லு கெடையாது. ஈறாலதான் மெல்லுவாரு. மென்னாரு. நிறுத்துனாரு. என்னியப் பாத்தாரு. ஜீப்புல ஏறி ஏறி அம்பது வருசம் கறி தின்ன நாக்கு, அதுக்குத் தெரியாதா? திட்டியிருந்தா பரவால்ல. துப்பியிருந்தாக்கூடப் பரவால்ல. முழுங்கிட்டு, "நல்லா இருக்குதுடா"ன்னாரு. அதுக்கப்புறம் சாவுற வரைக்கும் எங்கிட்ட ஒண்ணுமே கேக்கல. இத்த எங்கக்காகிட்ட சொன்னதில்ல. யாருகிட்டயும் சொன்னதில்ல. அந்த மடக் காக்கா, எவளோ போட்ட முட்டையில பொறந்ததுக்குக் கூட ரொட்டிய ஊற வெச்சி ஊட்டுது. நான், என்னியப் பெத்த அப்பனுக்கு...

இருங்க பாய், உள்ள போவாதீங்க. இல்ல, போங்க, போய்ட்டு வாங்க. எலும்பு வெக்க வேணாம்னு சொன்னனே, அத்த மறந்துடுங்க. உங்க வூட்டு பிரியாணியிலேர்ந்து ஒரே ஒரு துண்டு குடுங்க. கிண்ணம் இன்னாத்துக்கு, எங்கையிலயே குடுங்க. நானே கொண்டுபோய் எலையில வெக்கிறன். காசிநாதன் மாடியில நிக்கிறாரா? நிக்கட்டும். இந்தாங்க, இந்த ஹெல்மெட்டக் கொஞ்ச நேரம் புடிங்க. கொத்துனா கொத்தட்டும். துண்டு மட்டும் எலும்பில்லாம, மெத்துனு வெந்ததாப் பாத்து எடுங்க பாய். அவருக்குப் பல்லு இல்ல.