நரம்பு விட்ட சாறு

லஸ் போகும் டிராமில் எனக்கு முன்னால் உட்கார்ந்திருந்த காக்கிச் சட்டைக்காரர், பக்கத்திலிருந்த தன் மைத்துனரிடம் சொன்னார்:

"ஒரு தவளையோட நெஞ்சு, அடுத்த கிண்ணத்துத் தவளை நெஞ்சை அடக்கிடுச்சு, மச்சான்."

காக்கிச் சட்டை, வைத்தியக் கல்லூரி ஆய்வுக்கூடத்தில் எடுபிடி. மைத்துனர் நொச்சிக்குப்பத்து மீனவர்.

"சுறாவை அறுத்தாக்கூட நெஞ்சு தனியா துடிச்சிக்கினு கீது. இதுல இன்னா அதிசயம்?"

"கேளு. உப்புத் தண்ணியில ரெண்டு நெஞ்சு. நரம்போட ஒண்ணு, நரம்பை அறுத்தது ஒண்ணு. வாத்தியார் அந்த நரம்புல கரண்டு வச்சாரு, மொதல் நெஞ்சு மெதுவாச்சு. ரெண்டாவதுக்குப் புதுத் தண்ணி ஊத்துன்னாரு. நான் சோம்பல்பட்டு, மொதல் கிண்ணத்துத் தண்ணியையே ஊத்திட்டேன்."

"அய்யய்யோ!"

"அதுவும் மெதுவாயிடுச்சு! வேலை பூடுச்சுன்னு நெனச்சேன். உண்மையைச் சொன்னதும் வாத்தியார் என்னைக் கட்டிப் புடிச்சிக்கினாரு. நரம்பு நுனியில ஒரு சாறு ஊறுதாம். அது தண்ணியில கலந்து வந்துதான் 'மெல்ல அடி'ன்னு சொல்லிச்சாம்."

"அந்தச் சாறு நெஞ்சுலயே தங்கிட்டா?"

"தங்காது. சேதி சொன்னதும் ஒடம்பே அதை அழிச்சிடும். இல்லாட்டி நெஞ்சு பழையபடி எப்படி அடிக்கும்?"

மீனவர் சட்டைக்குள் கையை விட்டு நெஞ்சைத் தொட்டுப் பார்த்தார். லஸ் வந்தும் எழுந்திருக்கவில்லை.

"கடல்ல ஒரு மீனு புரண்டாக்கூட எனக்குக் கேக்கும், மச்சான். உள்ள இவ்ளோ நடக்குது, இத்தினி வருசமா ஒண்ணுமே கேக்கலியே."