சத்தம் முப்பத்திரண்டு

டிவியைச் சத்தமாக வைப்பவர்களைப் பற்றி எனக்கு எப்போதுமே நல்ல அபிப்பிராயம் இருந்ததில்லை. அடுத்த வீட்டுக்காரனின் தலைவலியைப் பற்றிக் கவலைப்படாத ஜனங்கள் என்று எல்சியிடமே பல தடவை சொல்லியிருக்கிறேன். அதனால் இதை எழுதக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது.

இன்ஸ்பெக்டர் வெள்ளைத் தாள் கொடுத்து, எந்த பாஷையில் வருகிறதோ அதில் எழுதுங்கள் என்றார். மராத்தி நன்றாகப் பேசுவேன், எழுத வராது. கேம்ப் ஏரியாவிலிருந்து கல்யாணசுந்தரம் என்று ஒருவர் வந்து இதை மராத்தியில் மாற்றிக் கொடுப்பாராம். ஆகவே கல்யாணசுந்தரம் சார், முதலில் படிக்கப் போவது நீங்கள்தான். கையெழுத்து மோசம், பொறுத்துக்கொள்ளுங்கள். என் பெயர் வால்டர். வயது அறுபத்தெட்டு. கட்கி பஜாருக்குப் பின்னால் பழைய மூன்று மாடிக் கட்டடத்தில் கீழ் வீடு. ஃபாக்டரியில் முப்பத்தாறு வருஷம் இரும்புத் தகடு அடிக்கும் பிரஸ் ஷாப்பில் வேலை பார்த்தேன். எல்சி என் மனைவி. கேம்பில் ஒரு பிரைமரி ஸ்கூலில் டீச்சராக இருந்தவள். போன பிப்ரவரியில் இறந்துபோனாள்.

அதற்கு மூன்று வருஷம் முன்னால் அவளுக்கு ஸ்ட்ரோக் வந்தது. வலது கையும் காலும் போயின. கூடவே பாஷைகளும் போய்விட்டன. எத்தனையோ பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்தவள், மேத்திக் கீரைக் கட்டு வாடியிருக்கிறது என்று மார்க்கெட்டில் மராத்தியில் சண்டை பிடித்தவள், ஆட்டோக்காரர்களை ஹிந்தியில் வழிக்குக் கொண்டுவந்தவள். ஆஸ்பத்திரியில் கண் திறந்தபோது தமிழ் மட்டும்தான் மிச்சம். அதுவும் அவளுடைய அம்மா பேசிய பாளையங்கோட்டைத் தமிழ். நர்ஸ் பேசினால் பேந்தப் பேந்த விழிப்பாள். சிலருக்கு இப்படி ஆவதுண்டு என்றார் டாக்டர்.

பேச்சுப் பயிற்சி கொடுக்க சஹானா என்று ஒரு பெண் வாரம் ஒரு தடவை விஷ்ராந்த்வாடியிலிருந்து ஸ்கூட்டரில் வந்துபோனாள். நல்ல பெண். தமிழ் தெரியாது, ஆனால் படங்களைக் காட்டிப் பேசவைப்பாள். தமிழ் காதில் விழுந்துகொண்டே இருக்கட்டும், ஒரு பாஷை பலமானால் மற்றதும் ஒவ்வொன்றாகத் திரும்ப வாய்ப்பு இருக்கிறது என்றாள். தோஹாவில் இருக்கும் எங்கள் மகள் ஜெரால்டின் இதைக் கேட்டுவிட்டு, அந்தக் கிறிஸ்துமஸுக்கு ஒரு பெரிய டிவியை வீட்டுக்கே வரவழைத்துத் தமிழ்ச் சேனல் எல்லாம் போடவைத்தாள். எங்கள் வீட்டுக்குள் டிவி மருந்தாகத்தான் வந்தது. இதை நீங்கள் மராத்தியில் கொஞ்சம் அழுத்தி எழுதினால் நல்லது.

சஹானா இன்னொன்றையும் விடாமல் முயற்சி செய்தாள். என் போட்டோவைக் காட்டி, இவர் யார், பேர் சொல்லுங்கள் என்று சைகை காட்டுவாள். எல்சி வெட்கப்பட்டுச் சிரிப்பாள், வாய் திறக்க மாட்டாள். சஹானா அதை நோயின் கணக்கில் வைத்தாள். எனக்குத் தெரியும், நோய் பாதிதான். கல்யாணமாகி நாற்பத்தொரு வருஷத்தில் அவள் என் பெயரைச் சொன்னதே கிடையாது. பாங்க்கில் கேட்டால்கூட எழுதிக் காட்டுவாள். என்னைக் கூப்பிட அவளுக்கு இருந்தது ஒரே வார்த்தை, "என்னங்க." மராத்திக்காரர்களின் "அஹோ" மாதிரி. அதை மாற்றி எழுத உங்களுக்குச் சிரமம் இருக்காது.

அந்த வார்த்தையில்தான் எல்லாம் ஆரம்பித்தது.

முதலில் சர்ச்சிலிருந்து ஆட்கள் வந்தார்கள், கூட வேலை பார்த்த டீச்சர்கள் வந்தார்கள். அவர்கள் பேசுவது இவளுக்குப் புரியாது, இவள் பேசுவது அவர்களுக்குப் புரியாது. எத்தனை நாள் சிரித்துக்கொண்டே உட்கார்ந்திருப்பார்கள்? மெல்ல நின்றுவிட்டார்கள். அப்புறம் அவளுக்குப் பேச நான் ஒருவன்தான். ஒரு நாளைக்கு நாற்பது தடவை, ஐம்பது தடவை, என்னங்க. குளிக்கப் போனால் என்னங்க. குக்கரை ஏற்றினால் என்னங்க. எல்லாவற்றையும் போட்டுவிட்டு ஓடிப்போய் நின்றால், "சும்மாதான். இருக்கியளான்னு பார்த்தேன்" என்பாள். அவளைத் திட்டவில்லை. கை ஓங்கியதும் இல்லை. அலுத்துப்போயிற்று, அவ்வளவுதான். தூங்கி எழுந்தாலும் அந்த அலுப்பு போகவில்லை.

டிவி கூடத்தில், எல்சி உள்ளறையில். நடுவில் கதவு திறந்தேதான் இருக்கும். சீரியல்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். காலையிலிருந்து ராத்திரிவரை எவளாவது ஒருத்தி என்னங்க, என்னங்க என்று கூப்பிட்டுக்கொண்டே இருப்பாள். ஆரம்பத்தில் எத்தனையோ தடவை மாவு பிசைந்த கையோடு ஓடியிருக்கிறேன். போய்ப் பார்த்தால் எல்சி நன்றாகத் தூங்குவாள், கூப்பிட்டது டிவிக்காரி. பிறகு ஒரு நாள் தலைகீழாக நடந்தது. டிவிதான் என்று நினைத்து நான் பேப்பர் படித்துக்கொண்டே இருந்துவிட்டேன். அரை மணி கழித்துப் போனால், படுக்கையை நனைத்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள். அன்று உண்மையாகவே ஏமாந்தேன். மன்னிப்புக்கூடக் கேட்டேன்.

ஆனால் அந்த அரை மணி நேரம் எவ்வளவு நிம்மதியாக இருந்தது என்பதும் எனக்கு மறக்கவில்லை. பேப்பரைக் கடைசிப் பக்கம்வரை படித்திருந்தேன்.

ரிமோட்டில் சத்தத்துக்கு நம்பர் காட்டும். இருபதில் வைத்தால் டிவி ஒரு பக்கம், எல்சி ஒரு பக்கம், இரண்டும் தனித்தனியாகக் கேட்கும். இருபத்தாறிலும் அவளைப் பிரித்துக் கேட்க முடியும். முப்பத்திரண்டில் அவள் சீரியலுக்குள் போய்விடுவாள். இதைக் கண்டுபிடிக்க எனக்கு இரண்டு மூன்று வாரம் ஆயிற்று. பிரஸ் ஷாப்பில் இருந்தவனுக்குச் சத்தத்தின் சூட்சுமம் தெரியும். காது போயிருக்கும் என்று நினைக்காதீர்கள். ஃபாக்டரியில் வருஷா வருஷம் காது பரிசோதனை உண்டு, ஒரு தடவையும் நான் தவறியதில்லை.

நேர் மேல்வீட்டில் மங்கல்தாயி இருக்கிறார். அவருடைய சமையலறை ஜன்னல், எல்சியின் ஜன்னலுக்குச் சரியாக மேலே. சத்தம் அதிகம் என்று இறங்கி வந்து சொன்னார். காதைத் தொட்டுக் காட்டி, ஃபாக்டரி என்றேன். பாவம், அப்புறம் சத்தத்தைப் பற்றிப் பேசவே இல்லை. அடுத்த நாள் கிண்ணத்தில் பொஹா, அவல் உப்புமா, கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார்.

ஒரு மத்தியானம் மறுபடி வேகமாக இறங்கி வந்தார். "கோண் ரடதய்?" என்று கேட்டார். யார் அழுவது என்று. அழுதது எல்சிதான். அவள் கூப்பிட ஆரம்பித்து ஒரு மணி நேரம் ஆகியிருந்தது. அந்த நேரம் பார்த்து டிவியிலும் ஒரு பெண் தலைவிரிகோலமாக அழுதுகொண்டிருந்தாள். நான் டிவி பக்கம் பார்த்தேன், அவ்வளவுதான். மங்கல்தாயியும் பார்த்தார், நெஞ்சில் கை வைத்துச் சிரித்துவிட்டார். உங்கள் மதராஸி சீரியலில் தினம் யாராவது சாகிறார்களா பாபா என்று கேலி செய்தார். போகும்போதே படியில் நின்று மற்றவர்களுக்கும் சொல்லிச் சிரித்தது எனக்குக் கேட்டது.

அன்றிலிருந்து எங்கள் கட்டடத்தில் தமிழில் யார் அழுதாலும் அது டிவிதான். அத்தனை வீட்டிலும் தமிழ் தெரிந்தவர்கள் வேறு கிடையாது. இதை நான் ஏற்பாடு செய்யவில்லை, அவர்களாகவே முடிவு செய்துகொண்டார்கள். எனக்குச் சௌகரியமாக இருந்தது, ஒப்புக்கொள்கிறேன். அதன் பிறகு முப்பத்திரண்டில் வைத்துவிட்டு பஜார்வரை போய்வர ஆரம்பித்தேன். பழைய சிநேகிதர்களோடு ஒரு சாய் குடித்துவிட்டு வருவேன். திரும்பி வந்து வாசல்படி ஏறும்போதே, என்னங்க என்று கேட்கும். யார் கூப்பிடுகிறார்கள் என்று பிரித்துப் பார்க்கும் பழக்கம் எனக்கே போய்விட்டது.

இப்போது அந்த நாள். புதன்கிழமை, காலை பதினொன்று. அன்று நான் வெளியே போகவில்லை. கூடத்தில் நாற்காலியில்தான் இருந்தேன். ஓடிக்கொண்டிருந்தது முந்தின நாள் சாயங்காலம் வந்த சீரியலின் மறு ஒளிபரப்பு. அதை நான் ஏற்கெனவே பார்த்திருந்தேன்.

உள்ளே ஏதோ விழுந்த சத்தம் கேட்டது. பிறகு என்னங்க. தானே எழுந்து பாத்ரூம் போகப் பார்த்திருக்கிறாள், கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் தலைகீழாகச் சரிந்துவிட்டாள். அது எனக்குப் பிறகு தெரிந்தது. அப்போது தெரிந்தது, அவள் கூப்பிடுகிறாள் என்பது மட்டும்தான். இந்த சீன் முடியட்டும் என்று உட்கார்ந்திருந்தேன். சீன் முடிந்தது, விளம்பரம் வந்தது, அதுவும் முடிந்தது. குரல் ஒரு மாதிரி அமுங்கி வந்தது. பன்னிரண்டரைக்கு நியூஸ் ஆரம்பித்தபோது உள்ளே போனேன். கழுத்து மடங்கிக் கிடந்தாள், மூச்சு இல்லை. தூக்கிப் படுக்கவைத்தேன், முகத்தைத் துடைத்தேன், நைட்டியை மாற்றினேன். அதன் பிறகுதான் டாக்டரைக் கூப்பிட்டேன். நான் படுக்கவைத்திருந்ததைப் பார்த்துவிட்டு, இரண்டாவது ஸ்ட்ரோக் என்று எழுதிக் கொடுத்தார். அவர்மேல் தப்பு இல்லை.

ஜெரால்டின் வந்தாள். நாற்பதாம் நாள் ஜெபம்வரை இருந்தாள். அன்று மங்கல்தாயி வரண் பாத், நம் பருப்பு சாதம்தான், கொண்டுவந்து கொடுத்துவிட்டு அவளோடு உட்கார்ந்து அழுதார். அழுகைக்கு நடுவே, மனசைத் தேற்றுவதற்காகத்தான், ஒன்று சொன்னார். உன் அம்மா போன அன்றைக்கு, அவள் பார்த்துக்கொண்டிருந்த சீரியலில் உன் அப்பா பெயரே வந்தது; வால்டர், வால்டர் என்று ஒருத்தி கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள்; நான்கூட மருமகளிடம், பார், நம்ம சாகேப் டிவியில் வந்துவிட்டார் என்று சொல்லிச் சிரித்தேன்.

ஜெரால்டின் என்னைப் பார்த்தாள். "டாடி, அது எந்த சீரியல்?" என்று கேட்டாள். சரியாக ஞாபகம் இல்லை என்றேன்.

என் மகளுக்குத் தமிழ் படிக்கத் தெரியாது, பேசினால் தடுக்கும், கேட்டால் புரியும். இப்போதெல்லாம் பழைய எபிசோட் எல்லாம் போனிலேயே கிடைக்கிறது. அந்தப் புதன்கிழமை வந்த சீரியல்களை ஒன்று விடாமல் மூன்று நாள் உட்கார்ந்து பார்த்தாள். அவள் அம்மாவின் கட்டிலில் உட்கார்ந்து, காதில் மாட்டிக்கொண்டு பார்த்தாள். வால்டர் என்று ஒருவரும் இல்லை. நான்காம் நாள் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போனாள். மத்தியானம் போலீஸ் ஜீப் வந்தது. எனக்கு அவள்மேல் கோபம் இல்லை. சாப்பிடாமல் போய்விட்டாளே என்றுதான் இருந்தது.

இன்ஸ்பெக்டர் நேற்று ஒரே கேள்விதான் கேட்டார். பெயரைச் சொல்லிக் கூப்பிட்டபோதும் டிவி என்றுதான் நினைத்தீர்களா? ஆமாம் என்றேன். அந்தப் பதிலை அடித்துவிடச் சொல்லுங்கள்.

அது எல்சி என்று எனக்குத் தெரியும். பதினொன்றரைக்கு என்னங்க நின்றது. பிறகு, வால்டர். நாற்பத்தொரு வருஷமாக வெளியே வராத பெயர், தெளிவாக, டீச்சர் குரலில் வந்தது. எழுந்துகூட நின்றுவிட்டேன். அப்போது சஹானா சொன்னது ஞாபகம் வந்தது, ஒவ்வொன்றாகத் திரும்பும் என்று. வால்டர் வந்துவிட்டால் அடுத்து இங்கிலீஷ் வரும். ஹிந்தி வரும். மராத்தியில் "வாச்வா", காப்பாற்றுங்கள் என்று ஒரு தடவை கத்தினால் போதும், மங்கல்தாயி அடுப்பை அணைக்காமலேயே ஓடி வருவார். வந்து கட்டிலைப் பார்ப்பார், என்னைப் பார்ப்பார், டிவியைப் பார்ப்பார். அப்புறம் எல்சி பேச ஆரம்பித்தால் எத்தனை பாஷையில் என்னென்ன சொல்லுவாள்.

உட்கார்ந்து, முப்பத்திரண்டை ஐம்பதாக்கினேன்.

இன்னும் ஒரு சின்ன வேலை பாக்கி இருக்கிறது, கல்யாணசுந்தரம் சார். சஹானாவின் நம்பர் என் டைரியின் பின்பக்கத்தில் இருக்கிறது. மூன்று வருஷம் அந்தப் போட்டோவைக் காட்டிக் காட்டிப் பாடுபட்டவள். எல்சி கடைசியில் பேர் சொல்லிவிட்டாள் என்று ஒரு போன் செய்து சொல்லிவிடுங்கள். கேட்டால் சந்தோஷப்படுவாள்.