தொட்டாலும் ஓடாத குஞ்சுகள்

இந்த நாற்காலி நன்றாக இருக்கிறது, மேடம். எங்கள் ஆய்வுக்கூடத்தில் எனக்குக் கொடுத்திருப்பது ஒரு முக்காலி. அதிலும் ஒரு கால் நொண்டி. முதுகு சாய்த்து உட்கார்ந்து பேசுவதே சுகமாக இருக்கிறது. எல்லாவற்றையும் சொல்கிறேன்.

என் வேலை மீன் வளர்ப்பது. கோடு போட்ட பொடி மீன்கள். காலையில் விளக்கைப் போட்டதும் முட்டையிடும். அந்த முட்டைகளைச் சேர்த்துக் கண்ணாடிக் கிண்ணங்களில் பிரித்து வைப்பேன். கம்பெனிகள் அனுப்பும் ரசாயனத்தை ஆய்வாளர் அம்மா ஒவ்வொரு கிண்ணத்திலும் ஒவ்வொரு அளவில் விடுவார். முட்டை கண்ணாடி மாதிரி இருக்கும். மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் உள்ளே குஞ்சின் இதயம் துடிப்பது தெரியும். எப்பேர்ப்பட்ட கவலையும் அதைப் பார்த்தால் பறந்துவிடும்.

அளவு கூடிய கிண்ணத்தில் எல்லாம் செத்துவிடும். கழுவி ஊற்றும்போது எனக்கு மனது கேட்காது. ஆனால் மிகக் குறைந்த அளவில் ஒன்றுகூடச் சாகாது. முட்டையை விட்டு வெளியே வரும். பார்க்க லட்சணமாகவே இருக்கும். மெல்லிய ஊசியால் வாலைத் தொட்டால்தான் வித்தியாசம் தெரியும். நல்ல குஞ்சு விருட்டென்று ஓடும். இவை இருந்த இடத்திலேயே இருக்கும்.

“பாரேன், சாகல. ஆனா ஆபத்து வந்தா ஓடணும்னுகூடத் தெரியல. ஆத்துல விட்டா ஒரு நாள் தாங்காது, பாவம்” என்பார் ஆய்வாளர் அம்மா.

எனக்குப் பாவமாகத் தெரியவில்லை. ஆற்றில் யார் விடச் சொன்னது? என் தொட்டியில் அவை ஒரு தொந்தரவும் தந்ததில்லை.

வீட்டில் எனக்கு ஒரு தங்கை. பெற்றவர்கள் போன பிறகு தலை பின்னிவிட்டதிலிருந்து காலேஜில் சேர்த்தது வரை நான்தான். வாலு என்றே கூப்பிடுவேன். அவள் கதவைச் சாத்தினால் பக்கத்து வீட்டுப் பாத்திரம் அதிரும். குளியலறைக்குள் போனால் பாட்டுக் கச்சேரிதான்.

லிஃப்ட் ரிப்பேர் செய்யும் ஒரு தம்பியோடு அவளுக்குக் கல்யாணம் நிச்சயமானது. நாள் முழுக்க மேலேயும் கீழேயும் போய்வருகிறவரை நிலையான ஆள் என்று எப்படிச் சொல்வது? ஆனாலும் தங்கமான பிள்ளை. கல்யாணம் முடிந்ததும் இருவரும் வெளியூர் போவதாக ஏற்பாடு.

“நான் போயிட்டா நீ என்னக்கா பண்ணுவே?” என்றாள், என் மடியில் காலைத் தூக்கிப் போட்டுக்கொண்டு.

“மீனைப் பாத்துக்கிட்டு இருப்பேன்.”

“பேசாம என்னையும் ஒரு தொட்டியில போட்டு வச்சுக்கோயேன்.”

இருவரும் வயிறு வலிக்கச் சிரித்தோம். யோசனை அவளுடையது, மேடம். அதை நான் நிறைவேற்றினேன், அவ்வளவுதான்.

அவள் குடிக்கும் பாலில் கலந்தேன். ஆய்வுக்கூடத்தில் எந்தப் புட்டி என்று உங்கள் ஆட்களிடம் காட்டிவிட்டேன். அளவு விஷயத்தில் நான் மகா கஞ்சம். கை தவறி ஒரு சொட்டு அதிகம் விழுந்ததில்லை. உயிருக்கு ஆபத்து வரும்படி நான் எதுவும் செய்யவில்லை என்பதைத் தயவுசெய்து எழுதிக்கொள்ளுங்கள்.

முதலில் பாட்டு நின்றது. பிறகு கதவை மெதுவாகச் சாத்தினாள். சாப்பிடும்போது நான் வேடிக்கையாக ஏதாவது சொன்னால், எழுந்து கை கழுவும்போது சிரிப்பாள். அந்தத் தாமதமே எனக்குப் பெரிய வேடிக்கை. மாலையில் என் தோளில் சாய்ந்து சோபாவில் உட்கார்ந்திருப்பாள், டிவி ஓடாவிட்டாலும். அத்தனை சந்தோஷமாக நாங்கள் இருந்ததே இல்லை.

மாப்பிள்ளைத் தம்பிதான் குழம்பிப்போனார். “என்னக்கா இவ, கேட்டதுக்குப் பதிலே சொல்ல மாட்டேங்குறா?”

“கல்யாணப் பொண்ணு இல்லையா தம்பி, அடக்கம் வந்திருச்சு.”

காரியத்தைக் கெடுத்தது ஒரு லாரி. இருவரும் கடைத்தெருவுக்குப் போன இடத்தில் அது பின்பக்கமாகவே வந்திருக்கிறது. தம்பி ஜூஸ் வாங்கக் கடைப்பக்கம் திரும்பிய நேரம். தெருவே கத்தியிருக்கிறது. இவள் லாரியைப் பார்த்துக்கொண்டே நின்றிருக்கிறாள்.

ஆஸ்பத்திரியில் அவர் சட்டையெல்லாம் ரத்தம். “பாத்துக்கிட்டேதான்க்கா நின்னா. ஒரு எட்டு நகர்ந்திருந்தா போதுமே. ஏன்க்கா நகரல?” என்று திரும்பத் திரும்பக் கேட்டு அழுதார். நான் முதுகைத் தடவிக்கொடுத்தேன். அங்கிருந்த டாக்டருக்கும் அதே சந்தேகம். ரத்தத்தைப் பரிசோதனைக்கு அனுப்பினார். கெட்டிக்காரர்.

இனி அவள் நடக்க மாட்டாளாம். வெளியூர்ப் பேச்சை இப்போது யாரும் எடுப்பதில்லை.

அவளைப் பற்றி நீங்கள் கவலைப்பட வேண்டாம், மேடம். நீங்கள் வந்து என் கையைப் பிடித்து இங்கே அழைத்து வந்தபோது கட்டிலிலிருந்து பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். எங்கே போகிறாய் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. அழவும் இல்லை. அக்கா திரும்பி வந்துவிடுவாள் என்று அவளுக்கு அவ்வளவு நம்பிக்கை.