வெள்ளிக்கிழமை தேர் குனியுமா?

சிலாபத்திலிருந்து புத்தளம் போகும் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இரண்டு பேர். பெரியவர் கோயில் சபைக்காரர் என்பது கதையில் தெரிந்தது. மடியில் வாழையிலையில் சுற்றிய மாலை. மற்றவர் கேட்ட கேள்விக்குப் பிறகு நான் யன்னல் பக்கம் பார்க்கவேயில்லை.

“வெள்ளிக்கிழமை தேர் குனியுமா அண்ணே?”

“மெதுவாக் கதை தம்பி.”

“கோயில் ரோட்டுக்கு இறால் பண்ணை முதலாளி கொங்கிரீட் போட்டுத் தந்தாரு, நல்லது. அதுக்காக ரோட்டுக்குக் குறுக்கால அவர் பேர்ல வளைவு கட்ட விட்டீங்களே. தேர் அதுக்குள்ளால போகுமா?”

“உயரம் நான்தானே அளந்து குடுத்தேன்.”

“எப்ப அளந்தீங்க?”

“போன மாசம். கொட்டகையில நின்ட தேரை.”

“கொட்டகையில நிக்கிறது வெறும் மரத்தேர் அண்ணே. கம்பு கட்டி, சீலை சுத்தி, கலசம் வெச்சா எவ்வளவு உயரும்?”

பெரியவர் சால்வையால் கழுத்தைத் துடைத்தார்.

“ஐயோ தம்பி, கலசத்தை நான் நினைக்கவேயில்லை.”

“இப்பவே முதலாளிக்கிட்டச் சொல்லுங்க. இடிச்சு உயர்த்தட்டும்.”

“எப்பிடிச் சொல்ல? பின்னேரம் வளைவுக்குத் திறப்பு விழா. இந்த மாலை அவருக்குத்தான்.”