தலைமை அலுவலகம் என்று நான் நினைத்த வீடு

மேடையில் அமர்ந்திருக்கும் பங்குத்தந்தை அவர்களே, துயரத்தோடு முன்வரிசையில் இருக்கும் தைரியராஜின் துணைவியார் தங்கை சவரிமேரி அவர்களே, கடலூரிலிருந்தும் சிதம்பரத்திலிருந்தும் வந்து கூடியிருக்கும் நண்பர்களே! பண்ருட்டி முந்திரி வியாபாரி கலியமூர்த்தி பேசுகிறேன். மறைந்த 'தோணி' தைரியராஜ் அவர்களைப் புகழ எனக்குத் தகுதி இல்லை. அவரைத் திட்டியவன் நான்.

பழைய கம்ப்யூட்டரிலும் இணையம் திறக்க வேண்டும் என்று 'தோணி' என்னும் பிரவுசரைச் செய்து ஊருக்கெல்லாம் சும்மா கொடுத்தவர் அவர். சிதம்பரத்தில் ஒரு கல்லூரி ஆய்வகத்தில் உத்தியோகம். போக வர ரயிலில் மடிக்கணினியை விரித்து வைத்துக்கொண்டு தோணி வேலை. அதற்குச் சம்பளம் கொடுத்தது யார்? யாருமில்லை! உதவிப் பக்கத்தில் தம் வீட்டு முகவரியைப் போட்டிருந்தார். அதைத் தலைமை அலுவலகம் என்று நினைத்துவிட்டேன் நான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை என் கடை பில் பக்கம் திறக்கவில்லை. சிபியு பெட்டியைச் சாக்கில் கட்டி, பஸ் ஏறி, இங்கே கடலூர் முதுநகருக்கு வந்து கதவைத் தட்டினேன். "மேனேஜரக் கூப்புடுங்க! வேல தெரியலன்னா எதுக்குக் கடையத் தொறந்து வச்சிருக்கீங்க?" என்று கத்தினேன்.

சாப்பிட்ட கையோடு எழுந்து வந்தவர் என்ன சொன்னார் தெரியுமா? "உள்ள வாங்கண்ணா. மொதல்ல தண்ணி குடிங்க. பொட்டிய நான் பாக்கறேன்."

மத்தியானம் முழுவதும் உட்கார்ந்து சரிசெய்தார். பஸ் நிறுத்தம் வரை அந்தப் பெட்டியைத் தூக்கிக்கொண்டும் வந்தார்! வழியில்தான் கேட்டேன், "ஒங்க கம்பெனியில எத்தினி பேரு?"

"நானும், எங்கூட புரோகிராம் எழுதற மேரி ஷாலினியுந்தாண்ணா. ரெண்டு பேருமே ஆசைக்குச் செய்யறோம்."

கூனிக் குறுகிப்போனேன்.

போன மாதம் அவருக்கு நெஞ்சுவலி வந்தது. ஓய்வெடுக்கச் சொன்னார் டாக்டர். நாம் விட்டோமா? 'புது அப்டேட் எங்கே?', 'தூங்குகிறீர்களா?' என்று எழுதினோம். உடம்பு சரியில்லை என்று தெரியாமல் அதில் ஒன்றை நானும் எழுதினேன். படுத்த படுக்கையிலும் ஒவ்வொருவரிடமும் மன்னிப்புக் கேட்டுப் பதில் போட்டிருக்கிறார். ஐயோ, அவர் எதற்கு மன்னிப்புக் கேட்க வேண்டும்?

அடக்கம் முடிந்த மறுநாள் ஒருவர் எழுதியிருக்கிறார்: "ஆள் போயிட்டா வேற ஆளப் போட மாட்டீங்களா?" அதைப் படித்து அழுத ஷாலினி, தோணியை விட்டுவிடலாமா என்று யோசிப்பதாக என்னிடம் சொன்னார்.

சபையோரே! எனக்குப் புரோகிராம் எழுதத் தெரியாது. திட்டு வாங்கத் தெரியும், வியாபாரி அல்லவா! இன்று முதல் தோணிக்கு வரும் புகார்களை முதலில் நான் படிப்பேன். பழுது என்ன என்பது மட்டும் ஷாலினிக்குப் போகும். வசவெல்லாம் என்னோடு நிற்கும். தைரியராஜ் அவர்களின் படத்துக்கு முன்னால் நான் கொடுக்கும் வாக்கு இது.

ஷாலினி, அம்மா, நீ தொடர்ந்தால் கைகூப்பி நன்றி சொல்வோம். முடியவில்லையா, நாளைக்கே விட்டுவிடு. உன்னை ஒரு வார்த்தை கேட்க மாட்டோம். "போதும் தம்பி, கொஞ்சம் படு" என்று தைரியராஜிடம் சொல்லியிருக்க வேண்டியவர்கள் நாங்கள். ஒருவர்கூடச் சொல்லவில்லை.