இலை கொண்டாரச் சொன்ன வகுப்பு

உக்காரும்மா. துணியெல்லாம் மடிச்சுப் பையில வச்சுட்டேன், எங்க ஓடிப்போகப் போகுது? எம்பொண்ணு சிலேஷேவே வந்து எடுத்துக்குவான்னு நெனச்சேன். வரமாட்டேன்னுட்டாளா? ம். மாட்டேங்கறதே நீங்க கத்துக்குடுத்ததுதானே.

கோவமில்லம்மா. தானே பேசணும், தானே செய்யணும்னு போன்ல நீங்க நடத்தற வகுப்புல சேர்ந்து எம்பொண்ணு வளந்துட்டான்னு எழுதிக்க, நானும் கையெழுத்துப் போடறேன். முப்பத்திரெண்டு வயசுல வளந்தா. சின்னப்புள்ளையில மூளைக்காய்ச்சல் வந்து கையும் நாக்கும் இழுத்துக்கிச்சு. அவ அம்மா போயி எட்டு வருஷம். அன்னிலேருந்து எல்லாம் நான்தான். கரண்டு இல்லாத நாள்ல ஜெனரேட்டர் வச்சிருக்கற சலூன்ல போய் போனுக்குச் சார்ஜ் போட்டுக் கொண்டாந்ததும் நான்தான்.

மொதல்ல நானும் பக்கத்துல உக்காருவேன். உங்க வாத்தியாரம்மா அவளைக் கேட்டா நான் பதில் சொல்லிருவேன். பின்ன? அவ ஒரு வார்த்தை சொல்றதுக்குள்ள உலை கொதிச்சு அடங்கிரும். ஒருநாள், என்ன சாப்பிடப் புடிக்கும்னு கேட்டாங்க. வெண்டைக்கான்னேன். சிலேஷே அப்பா, நீங்க சொல்லாதீங்க, அவளே சொல்லட்டும்னாங்க. வாயை மூடிட்டேன். பாத்தா போன்ல அத்தனை பேரும் அசையாம இருக்காங்க. நெட்டு நின்னுபோச்சுன்னு தட்டறேன், உதறறேன். நிக்கலம்மா. இவ பேசறதுக்காகக் காத்துக்கிட்டு இருந்திருக்காங்க.

வெண்டைக்கா புடிக்காதுன்னா. வாரத்துல நாலு நாள் ஆக்கிப் போட்டவன் முன்னால. எல்லாரும் கைதட்டறாங்க.

அதுலேருந்துதான் எல்லாம். சோளமாவுக் களி, அதான் இன்ஷிமா, அதைத் தானே கிண்டுவேன்னா. கட்டி கட்டியாக் கிண்டுனா, தின்னேன். மஞ்ச வேணாம், நீலச் சட்டை தெச்சுக் குடுன்னா. எண்டோலா மார்க்கெட்டுல முப்பது வருஷமா மெஷின் மிதிக்கறவன் நான், எனக்கு நெறம் சொல்றா. சந்தோஷம் இல்லேங்கல. ஆனா வகுப்பு நாளு, செவ்வாயும் வெள்ளியும் வந்தாலே, இன்னிக்கு என்ன வேணாங்கப் போறாளோன்னுதான் இருக்கும்.

என்ன, அவளுக்குச் சேதியா? இருக்கு. திரும்பி வரச் சொல்லு. கோவிச்சுக்கிட்டுப் போயி லுவான்ஷ்யாவுல அவ சித்தி வீட்ல எத்தனை நாளைக்குத்தான் இருப்பா? இழுத்துட்டு வான்னு சொல்லல. கேட்டுப் பாரு, அவ்வளவுதான்.

விஷயம் வெளிய வந்த அன்னிக்கு நான் கடையில இருந்தேன். எல்லாரும் வாசலுக்குப் போயி ஆளுக்கொரு இலை கொண்டாங்கன்னு வகுப்புல சொல்லியிருக்காங்க, வெளையாட்டு. மாயிலை, பப்பாளி இலைன்னு ஆளாளுக்குக் காட்டிட்டாங்க. இவ மட்டும் எந்திரிக்கல. ஏம்மா போகலன்னு கேட்டதுக்கு, கதவு வெளிய பூட்டியிருக்குன்னுட்டா. திக்காம, தெணறாம, ஒரே மூச்சுல.

ஆமா, பூட்டுவேன். எட்டு வருஷமா. ஊரு கெட்டுக்கெடக்கு, எவனாச்சும் உள்ள பூந்துட்டா யாரு பொறுப்பு? வகுப்புல சொல்லி விசாரிக்க வந்தவங்ககிட்டயும் அதைத்தான் சொன்னேன். பாவம், தனி மனுசன் என்ன பண்ணுவாருன்னு தலையாட்டிட்டுப் போனாங்க.

சிலேஷேவுக்குத்தான் அந்தக் காரணம் பத்தல. ஞாயித்துக்கெழமையும் ஏன் பூட்டுனேன்னு கேக்கறா. சர்ச்சு அந்தா எதுத்தாப்புலதாம்மா, ரோட்டைத் தாண்டுனா வந்துரும். அன்னிக்கும் பூட்டிட்டுத்தான் போவேன். அவளுக்கு எச்சி ஒழுகும்ல. அங்க எல்லாரும் நல்ல துணி உடுத்தி வந்திருப்பாங்க.