ஓலை வாசியாத கலியாணம்

மன்னார்ப் புகையிரத நிலையத்தில், கொழும்பிலிருந்து வரும் வண்டியை எதிர்பார்த்திருந்த சகோதரிகள் இருவர், முதல்நாள் கொட்டகையில் பார்த்த கிறிஸ்து பிறப்பு நாளான நத்தாரில் நடக்கும் காதல் படத்தைப் பற்றி வாதிட்டுக் கொண்டிருந்தனர்.

“மூண்டு ஞாயிறு கோவிலில ஓலை வாசிச்சுக் கலியாணத்தை அறிவிக்காமல், அதுவும் நத்தாருக்கு முதல்நாள், எந்தச் சுவாமியாரடி கலியாணம் கட்டி வைப்பார்?” என்றாள் மூத்தவள்.

“படத்தில அவள் பனிக்குள்ள நிண்டு அழேக்க நீங்களும் அழுதனீங்கள் அக்கா.”

“அழுதனான்தான். அழப்பண்ண நல்லாத் தெரியுது. ஆனா அவன் ஏன் ஒரு கடுதாசியும் போடேல்லை எண்டு கடைசிமட்டும் சொல்லேல்லை. திடீரெண்டு வந்து நிக்கிறான். அவளும் ஒண்டும் கேளாமல் சிரிக்கிறாள், விசரி!”

இத்துணைக் கூரிய கண்டனத்தை, பக்கத்து இருக்கையில் காத்திருந்த நான் எந்த மேடையிலும் கேட்டதில்லை.

இளையவள் குரலைத் தாழ்த்தினாள். “உங்கட ஓலையும் ரெண்டு ஞாயிறு வாசிச்சாச்சு. மூண்டாவதுக்கு முதல் வாறன் எண்டுதானே அத்தான் சொன்னவர்?”

“சொல்லி ஒரு மாதம். பிறகு ஒரு வரியும் இல்லை. நாளைக்கு ஞாயிறு.”

தூரத்தில் வண்டி கூவியது.

“இதில வந்திறங்கினா என்ன கேப்பியள்?”

மூத்தவள் எழுந்து சேலையைச் சரிசெய்தாள்.

“ஒண்டும் கேக்கமாட்டன்” என்றாள்.